அவள் போட்ட கணக்கு

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். வகுப்பில் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘நாங்கள் ஏழு பேர்’ கவிதையை நடத்தினார்கள். எத்தனை பேர் என்று ஒரு பெரியவர் கேட்க, உடன்பிறந்தவர்களில் இருவர் இறந்த பிறகும், ‘நாங்கள் ஏழு பேர்’ என்றே சாதிக்கிறாள் ஒரு எட்டு வயதுச் சிறுமி. சாவு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதானே? விவரமறியாப் பருவத்தை ரொமான்டிக் இயக்கக் கவிஞர்கள் புனிதமாக்கிவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

ம.

அன்புள்ள ம.,

விவரம் தெரியாதவள் என்று முடிவுகட்டுவதற்கு முன் அவள் சொல்வதை இன்னொரு முறை கேளுங்கள். ‘சகோதரி ஜேன் படுக்கையில் முனகிக்கொண்டு கிடந்தாள், கடவுள் அவள் வலியைத் தீர்த்தார், போய்விட்டாள். கோடை முழுவதும் நானும் சகோதரன் ஜானும் அவள் கல்லறையைச் சுற்றி விளையாடினோம். பனி விழுந்து தரை வெளுத்தபோது ஜானும் போகவேண்டியதாயிற்று.’ யார் முதலில், எந்தப் பருவத்தில், எத்தனை வேதனைப்பட்டு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

அந்தக் கல்லறைகள் வீட்டு வாசலிலிருந்து பன்னிரண்டு எட்டு நடை தூரத்தில் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து காலுறை பின்னுகிறாள், கைக்குட்டைக்கு ஓரம் தைக்கிறாள், இருவருக்கும் பாட்டுப் பாடுகிறாள். பொழுது சாய்ந்தும் வெளிச்சம் மிச்சமிருக்கும் நாட்களில் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துப்போய் அங்கேயே சாப்பிடுகிறாள். எனக்கு அந்தக் கிண்ணம் ஒன்றே போதும். சாவை அருகிலிருந்து பார்த்துவிட்டு, ஒருவரையும் கழிக்கமாட்டேன் என்கிறாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உடன்பிறந்தவர்களில் வேல்ஸின் கான்வே ஊரில் இருக்கும் இருவரும் கப்பலேறிப்போன இருவரும் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்கிறார்கள். அவர்களை எண்ணிக்கையில் சேர்க்க, கேள்வி கேட்கும் பெரியவருக்குத் தயக்கமே இல்லை. பன்னிரண்டு எட்டில் இருப்பவர்களைத்தான் விட்டுவிடச் சொல்கிறார்.

புனிதமாக்கல் என்ற சொல் இன்னொரு ரொமான்டிக் கவிஞரான பிளேக்குக்கும் பொருந்தாது. 1789இல் அவர் எழுதிய புகைபோக்கி துடைக்கும் சிறுவன், தன் தொழிலைத் தெருவில் கூவ நாக்குத் திரும்பாத வயதிலேயே தகப்பனால் விற்கப்பட்டவன். ‘ஸ்வீப்’ (துடைப்பு) என்று கூவவேண்டியவன் ‘வீப்’ (அழு) என்கிறான். அந்த மழலையில் நான் கேட்பது அழுகையைத்தான்.

வேர்ட்ஸ்வொர்த் எட்டு வயது நிறைவதற்குள் தாயை இழந்தவர். 1798இல் இந்தக் கவிதையை எழுதினார். 1812இல் அவருடைய இரண்டு குழந்தைகள் ஆறு மாத இடைவெளியில் இறந்தார்கள். மகள் கேதரினுக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. பிறகு ஒரு சானெட் (பதினான்கு வரிக் கவிதை) எழுதினார்: எதிர்பாராமல் ஒரு மகிழ்ச்சி வருகிறது, அதைப் பகிர்ந்துகொள்ளச் சட்டென்று மகள் பக்கம் திரும்புகிறார், அவளோ மண்ணுக்குள் இருக்கிறாள். திரும்பிய அந்த நொடியில் அவரும் அவளைக் கழிக்கவில்லை. அடுத்த நொடியே, இழப்பை எப்படி மறந்தேன் என்று தன்னையே நொந்துகொள்கிறார். அந்தச் சிறுமி நொந்துகொண்டிருக்கமாட்டாள். வளர்ந்தவர்கள் எதை இழந்துவிடுகிறோம் என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

அந்தச் சிறுமியை வேர்ட்ஸ்வொர்த் 1793இல் இங்கிலாந்தின் குட்ரிச் கோட்டையருகே உண்மையிலேயே சந்தித்திருக்கிறார். எழுபது வயதைக் கடந்து, 1841இல் மறுபடி அங்கே போனார். பக்கத்துச் சிற்றூரில் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார், வழியில்லை. அன்று அத்தனை கேள்வி கேட்டவர், அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.