கேள்வி – பதில்: முடி சூடாத அவலத் தலைவர்

கேள்வி: அவல நாடகத்தின் தலைவன் பெரும் புகழும் செல்வமும் உடையவனாக இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் சொல்வதாகக் கல்லூரியில் படித்தேன். ஆர்தர் மில்லரின் ‘டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்’ நாடகத்தில் வரும் வில்லி லோமன் ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்கும் சாதாரண ஆள். பொய் சொல்கிறான், மனைவிக்குத் துரோகம் செய்கிறான், கடைசியில் காரை மோதி உயிரை விடுகிறான். இவனைக் கிரேக்க அவல நாடகத்தின் ஈடிபஸ் மன்னனோடு ஒரே வரிசையில் வைப்பது சரியா?
– வாசகர், திருச்சி

பதில்: சரி என்றே நான் உறுதியாக நம்புகிறேன். அரிஸ்டாட்டில் தம் காலத்து மேடையில் கண்டதை வைத்து எழுதினார். சிறந்த அவல நாடகங்கள் ஒரு சில குடும்பங்களின் கதைகளையே சுற்றி வருவதாக அவரே குறிப்பிடுகிறார். அரசன் வீழ்ந்தால் நாடே அதிரும் என்பதால், வீழ்ச்சியின் ஆழத்தைக் காட்டுவதற்கு அந்த உயரம் வசதியாகவும் இருந்தது. மில்லரின் நாடகம் 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொரோஸ்கோ அரங்கில் எலியா கஸான் இயக்கத்தில் மேடையேறியது. அதே மாதம் 27ஆம் தேதி ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் மில்லர் எழுதிய கட்டுரை நீங்கள் கேட்கும் கேள்விக்கான விடைதான்: தன் மானத்தைக் காத்துக்கொள்வதற்காக, தேவைப்பட்டால் உயிரையும் கொடுக்கத் துணிகிற ஒருவரைக் காணும்போது அவல உணர்வு பிறக்கிறது, அந்தத் துணிவுக்கும் பதவிக்கும் தொடர்பில்லை என்பது அவருடைய வாதம்.

இந்த வாதத்தைக் கட்டுரையைவிட நாடகத்தின் ஒரு காட்சி எனக்கு நன்றாகப் புரியவைத்தது. 63 வயதான வில்லி, இனி வெளியூர் அலைய முடியாது, நியூயார்க்கிலேயே வேலை தாருங்கள் என்று கேட்க முதலாளி ஹோவர்டின் அறைக்குப் போகிறார். ஹோவர்டுக்கு வயது 36. அவர் பிறந்த அன்று, இந்தப் பெயர் வைக்கலாமா என்று அவருடைய தந்தை வில்லியிடம்தான் யோசனை கேட்டார். அந்த ஹோவர்டோ புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தம் பிள்ளைகளின் குரலை ஓடவிட்டு, வில்லியைப் பேசவிடாமல் கேட்கச் சொல்கிறார். வில்லி முதலில் வாரத்துக்கு 65 டாலர் கேட்கிறார், பிறகு 50 என்கிறார், பிறகு 40 போதும் என்கிறார். வாழ்நாள் முழுவதும் பிறர் சரக்குக்கு விலை பேசிய மனிதர், தம் விலையைத் தாமே படிப்படியாகக் குறைத்துக்கொள்வதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அதற்குமேல் குறைக்க இடமில்லாதபோதுதான், இந்த நிறுவனத்துக்கு 34 வருடம் உழைத்தேன், பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிவதுபோல் மனிதனை எறிய முடியாது என்று அவர் குரல் உயர்கிறது. அந்தக் குரலில் கெஞ்சல் இல்லை. உரிமை கேட்கும் ஒருவரின் சினம் இருக்கிறது. ஈடிபஸிடம் நாம் காணும் பெருமிதமும் இத்தகையதுதான் என்பேன்.

கேள்வியில் ‘அவன்’ என்று எழுதியிருக்கிறீர்கள்; நான் ‘அவர்’ என்றே எழுதுகிறேன். தம் கணவர் பெரும் பணம் சேர்த்தவரல்லர், பத்திரிகையில் பெயர் வந்தவரல்லர், உலகிலேயே உத்தமரும் அல்லர் என்பதையெல்லாம் ஒப்புக்கொண்டு, ஆயினும் அவர் ஒரு மனிதர், அவரை நாம் கவனித்தாக வேண்டும் என்று வில்லியின் மனைவி லிண்டா தம் மகன்களிடம் சொல்கிறார். தமிழில் யோசித்தால், அவர் கேட்பது அந்த ‘அர்’ விகுதியைத்தான்.

கேள்வி: ஏழையை அவலத் தலைவனாக்கியவர்களில் மில்லர்தான் முதல்வரா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இல்லை. ஜெர்மானியரான கியோர்க் பூஹ்னர் நூறாண்டுக்கும் முன்பே ‘வொய்ட்செக்’ நாடகத்தில் அதைச் செய்துவிட்டார். முடிக்காமலே 1837இல் தம் 23ஆம் வயதில் இறந்தார். 1913இல்தான் அது மியூனிக்கில் மேடை கண்டது. வொய்ட்செக் ஒரு கடைநிலைச் சிப்பாய். கூடுதல் காசுக்காக ஒரு மருத்துவரின் சோதனைக்கு உடன்பட்டுப் பட்டாணியை மட்டுமே தின்கிறான். அவனைத் தம் முகத்தை மழிக்கச் சொல்லி உட்கார்ந்திருக்கும் படைத்தலைவர், உனக்கு ஒழுக்கம் இல்லை என்கிறார். எங்களைப் போன்ற ஏழைகள் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்கே இடி இடிக்க உதவி செய்ய வேண்டியிருக்கும் என்று அவன் சொல்லும் பதிலுக்கு இணையாக மில்லரிடம்கூட ஒரு வரி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: பக்கத்து வீட்டு சார்லி வாரம் 50 டாலர் சம்பளத்தில் வேலை தர முன்வருகிறார். வில்லி மறுக்கிறார். இது வீண்பிடிவாதம் அல்லவா? இதற்காக நாம் ஏன் அழ வேண்டும்?
– வாசகர், மதுரை

பதில்: பிடிவாதம்தான், அதை மறுக்க மாட்டேன். அதே சார்லியிடம் வாராவாரம் கடன் வாங்கி, சம்பளம் என்று சொல்லி மனைவியிடம் கொடுக்கிறவர் அந்த வேலையை மட்டும் ஏற்கவில்லை. கடனை என்றாவது திருப்பிவிடலாம் என்று தம்மைத் தேற்றிக்கொள்ளலாம். வேலையை ஏற்றாலோ, எல்லோருக்கும் பிடித்தவனாக இருந்தால் வென்றுவிடலாம் என்று நம்பி வாழ்ந்த வாழ்க்கை பொய் என்று கையெழுத்திட்டுக் கொடுத்ததாகிவிடும். தம் தந்தையும் தாமும் காசுக்குப் பத்துக் கிடைக்கிற ஆட்கள்தாம் என்று மூத்த மகன் பிஃப் உண்மையை உடைக்கும்போதும், நான் வில்லி லோமன், நீ பிஃப் லோமன் என்றே அவர் கத்துகிறார். வில்லி கடைசிவரை தம்மை அறியவில்லை, அறியாதவர் அவலத் தலைவர் ஆக முடியாது என்று விமர்சகர்கள் சொன்னதுண்டு. அது பாதி உண்மை. அந்த அறிதல் மகனுக்கு வாய்க்கிறது. தந்தைக்குத் தெரியவருவதெல்லாம் மகன் அழுதான், தன்னை நேசிக்கிறான் என்பது மட்டுமே. அந்த மகிழ்ச்சியில்தான், 20,000 டாலர் காப்பீட்டுத் தொகை மகனுக்குக் கிடைக்கட்டும் என்று காரை எடுத்துக்கொண்டு போகிறார்.

84 வயதிலும் ஓட்டல் அறையிலிருந்து தொலைபேசியிலேயே விற்ற ஒரு முதிய விற்பனையாளரின் இறுதிச் சடங்குக்கு நூற்றுக்கணக்கானோர் வந்ததை வில்லி தம் லட்சியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வில்லியின் கல்லறையில் நிற்பவர்கள் மனைவி, இரு மகன்கள், சார்லி, சார்லியின் மகன் ஆகிய ஐந்து பேர். வீட்டுக் கடனின் கடைசித் தவணையை இன்றுதான் கட்டினேன், இனி அந்த வீட்டில் இருக்க யாரும் இல்லை என்று லிண்டா மண்ணைப் பார்த்துச் சொல்கிறார்.