ஃபிஜியில் யாருக்கு நிலம்?

கேள்வி: ஃபிஜித் தீவுகளில் குலத்து நிலத்தை விற்கவே முடியாதாமே? ஆதியிலிருந்தே அப்படித்தானா?
– வாசகர், காரைக்குடி

பதில்: விற்க முடியாது என்பது சரி. ஆதி வழக்கம் என்பதுதான் பாதி உண்மை. முன்பு நிலம் ஊருக்கு ஊர் வேறு அளவுள்ள கூட்டங்களிடம் இருந்தது. அடைக்கலம் வந்தவர்களுக்கும் பங்கு கிடைத்தது. தாய்மாமன் பொருளில் மருமகனுக்கு ‘வசு’ என்றொரு உரிமை, கேட்காமலே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு!

ஆங்கிலேயர் 1880-இல் நிலக் கமிஷன் அமைத்து, ‘மதங்கலி’ என்ற தந்தைவழிப் பங்காளிக் கூட்டத்தையே தீவுகள் முழுவதற்கும் பொது அலகாக்கினர். பிறந்த குழந்தையின் பெயர் பதிவேட்டில் ஏறினால்தான் நில உரிமை. நம் நகரத்தார் கோயிலில் குடும்பங்களைப் பதியும் புள்ளிக் கணக்குபோலத் தோன்றும். ஆனால் நம்முடையது பட்டா ஆகிவிடவில்லை. அங்கே ஆகிவிட்டது.

சிக்கல் அங்கேதான். ஆள் குறைந்த மதங்கலியிடம் நிலம் குவிந்து கிடக்கும்; பெருகிய மதங்கலிக்குப் போதாது. முன்போல மாற்றிக்கொள்ள வழியில்லை. 1940 முதல் குத்தகைப் பொறுப்பு ஓர் அறக்கட்டளை வாரியத்திடம். கரும்பு போட்ட இந்தியர் வழிவந்தோரும் அந்தக் குத்தகைதாரர்களே.