ஆத்தாவுக்கு நன்றி சொன்னது தப்பா?

கேள்வி: பிறந்தது காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டியார் வீட்டில், இருப்பது சென்னையில். இந்தத் தடவை பிள்ளையார் நோன்பு அரையாண்டு விடுமுறையை ஒட்டி வந்தது. மாமியார் வீட்டில் இழை எடுக்கும் நோன்புச் சடங்கை முடித்துக்கொண்டு மறுநாளே பிள்ளைகளோடு ஆத்தா (அம்மா) வீட்டுக்குப் போய்விட்டேன். எட்டு நாள் இருந்தோம். பிள்ளைகள் போனைத் தொடாமல் வளவில் (முற்றத்தைச் சுற்றியுள்ள கூடத்தில்) ஓடித் திரிந்தார்கள். ஒரு நாள் நல்ல மழை. முற்றத்தின் மேலே திறந்திருக்கும் வானவாசல் வழியே கொட்டியதைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் உட்கார்ந்து ஆத்தாவின் வெள்ளைப் பணியாரத்தைச் சாப்பிட்டோம். அப்பச்சி (அப்பா) போன பிறகும் நமக்கு இப்படி ஒரு வீடும் மனிதர்களும் இருக்கிறார்களே என்று கடைசி ராத்திரி அழுகை வந்துவிட்டது. கிளம்பும்போது "ரொம்ப நன்றி ஆத்தா" என்றேன். ஆத்தா முகம் மாறிவிட்டது. "என்னடி, விருந்தாடி மாதிரிப் பேசுறே?" என்றார்கள். பக்கத்தில் நின்ற அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்கள். மனசில் பட்டதைச் சொன்னது தப்பா?

— ஒரு வாசகி, சென்னை

பதில்: தப்பில்லை தங்கச்சி. நம் வீடுகளில் புழங்காத சொல்லைச் சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான். நன்றி என்பதை நாம் மேடையில் சொல்வோம், வங்கியில் சொல்வோம். வீட்டுக்குள் "இன்னும் ரெண்டு வைங்க" என்று இலையை விட்டு எழாமல் இருந்தாலே போதும், சமைத்தவருக்குப் புரிந்துவிடும்.

ஆத்தாவின் முகம் மாறியதற்கு இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். நானும் தேவகோட்டைப் பக்கத்துக்காரிதான். கல்யாணத்தில் பாத்திரம் பண்டம் எல்லாவற்றையும் எண்ணி எழுதிக் கொடுத்து அனுப்பியாகிவிட்டால், பெண் இன்னொரு வீட்டுப் புள்ளியில், அதாவது குடும்பக் கணக்கில், சேர்ந்துவிடுகிறாள். தமிழ்நாட்டில் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று 1989-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வளவு வீட்டுக்குள் பேச்சு வழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறிவிடவில்லை. மகள் வந்தால் அவளுக்கு வேற்றாள் என்ற நினைப்பு வந்துவிடக்கூடாதே என்றுதான் ஆத்தாக்கள் படாதபாடு படுகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் போய் நன்றி சொன்னால் என்ன ஆகும்? கோபமெல்லாம் இல்லை, வலித்திருக்கும். ஒரு போன் போட்டு, அடுத்து எப்போது வருகிறீர்கள் என்று தேதி சொல்லுங்கள். சரியாகிவிடும்.

எனக்கு உள்ளே போன அண்ணமிண்டியைப் பற்றித்தான் யோசனையாக இருக்கிறது.

"ஆத்தாவின் வெள்ளைப் பணியாரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆத்தாவுக்கு இப்போது என்ன வயது? மாவு ஆட்டியது யார்? பச்சரிசியை அளந்து அதன் தலையில் கோபுரமாக உளுந்தைக் குவிக்கும் அளவை வேண்டுமானால் ஆத்தா பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பணியாரத்தை ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும். ஒரு கரண்டி ஊற்றி, அது மேலே எழும்பி வந்ததும் எண்ணெயை அள்ளி அள்ளி மேலே விட்டு, திருப்பி, எடுத்த பிறகுதான் அடுத்தது. எட்டுப் பேருக்கு நாலு நாலு என்றால் முப்பத்திரண்டு தடவை. நீங்கள் எல்லோரும் மழை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவர் அடுப்படியில் நின்றிருக்கிறார். மழை விட்டதும் வளவுத் தரையைத் துடைத்தவரும் அவராகவே இருக்கக்கூடும். வானவாசல் மழை அழகுதான், துடைக்கிற வேலை நமக்கு இல்லாதவரை.

நம் பழைய ஆட்கள் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். கல்யாணமான மகனையும் மருமகளையும் கொஞ்ச நாளில் "வேறு வைத்து" விடுவார்கள். ஒரே கூரை, ஒரே வளவு, ஆனால் அடுப்பும் கணக்கும் தனி. அரிசி பருப்பு, சட்டி பானை எல்லாம் கொடுத்துத்தான் வைப்பார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால், செட்டியார்களின் சிக்கனம் என்று சிரிப்பார்கள். எனக்கென்னவோ அதில் ஒரு மரியாதை தெரிகிறது. யார் அடுப்பில் சாப்பிட்டோம் என்பது யாருக்கும் மறக்காது. இப்போது அத்தனை பெரிய வீட்டில் ஒரே கேஸ் அடுப்பு, அதன் முன்னால் ஒரே ஆள். பெயர் மட்டும் "ஆத்தா வீடு". உங்கள் கடிதத்திலேயே பாருங்கள், அண்ணமிண்டி ஒரே ஒரு வரியில்தான் வருகிறார். அதுவும் உள்ளே போகிற வரி. பக்கத்தில் நின்றவரை விட்டுவிட்டு ஆத்தாவிடம் மட்டும் நன்றி சொன்னால் அவர் வேறு என்ன செய்வார்?

உங்களைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. இருபது வருஷம் நானும் இப்படித்தான் போய் வந்தேன். ஒரு தடவை, "நீங்க வந்தா எனக்கு லீவு முடிஞ்சுது" என்று என் அண்ணமிண்டி சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சேர்ந்து சிரித்தேன். பஸ்ஸில் திருச்சி தாண்டின பிறகுதான் அந்தப் பேச்சு உறைத்தது.

அதனால் அவருக்குத் தனியாகப் பேசுங்கள். ஆத்தாவிடம் பேசிவிட்டு, "அப்புறம் அவங்ககிட்ட குடுங்க" என்று வாங்கிப் பேசுவது கணக்கில் வராது. அவருடைய நம்பருக்கு, மத்தியான வேலை முடிந்து உட்காரும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். நன்றி என்ற சொல்லே வேண்டாம். "அன்னிக்கு மழையில எங்களோட உங்களால உட்காரவே முடியல, இல்ல?" என்று கேளுங்கள். நீங்கள் கவனித்தீர்கள் என்பது அவருக்குத் தெரிந்தால் போதும். கையில் பணம் மட்டும் திணிக்காதீர்கள். வீட்டுச் செலவுக்குக் கொடுப்பதாக இருந்தால் அண்ணனோடு பேசிக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. அவருக்கும் ஓர் ஆத்தா வீடு இருக்குமே? எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. எப்படியும் பக்கத்தில்தான் இருக்கும், கண்டனூரோ கோனாபட்டோ, பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நீங்கள் ஆத்தா வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். நாத்தனார் வந்திருக்கும்போது வீட்டை விட்டு எப்படிப் போவது என்று அவர் தங்கிவிடுகிறார். உங்களுக்கு அழுகை வந்ததே, அப்படி ஒரு ராத்திரி அவருக்கு வாய்த்து எத்தனை வருஷம் ஆகிறதோ!

மே மாதத்துக்கு டிக்கெட் போடுவதற்கு முன்னால் அவரைக் கேளுங்கள்: "லீவுல நீங்க எப்ப உங்க ஆத்தா வீட்டுக்குப் போறீங்க? அந்த நாளுக்கு நான் வந்து ஆத்தாவையும் அடுப்படியையும் பாத்துக்கிறேன்." முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள்.