கை எட்டாத நோயாளி

கேள்வி: பொது மருத்துவத்தில் இருபது வருட அனுபவம் இருக்கிறது. இப்போது வீடியோ ஆலோசனைக்கு மாறுகிறேன். தொட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பது உறுத்துகிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உறுத்தல் இருக்கட்டும், அது உங்களைக் காப்பாற்றும்.

முகம் தெரிந்ததும் நோயைக் கேட்காதீர்கள். இப்போது எந்த முகவரியில் இருக்கிறார், இணைப்பு அறுந்தால் எந்த எண்ணில் கூப்பிடுவது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பேச்சின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்ந்தால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவீர்கள்? அவர் இருக்கும் ஊரில் மருத்துவராகத் தொழில் செய்ய நீங்கள் பெற்ற பதிவு செல்லுமா என்பதும் அந்த முகவரியிலேயே தெரிந்துவிடும்.

வீட்டு பி.பி. கருவியின் எண்ணை அப்படியே நம்பி மாத்திரையைக் கூட்டிவிடாதீர்கள். ஒருமுறை உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள்: முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, பட்டை வெறும் கையில், இதய மட்டத்தில். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் எண் ஏறிக் காட்டும். கால்மேல் கால் போட்டாலும் அப்படித்தான். பிறகு காலை 2, மாலை 2 என 7 நாள் எழுதச் சொல்லி, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி பாருங்கள். பல வழிகாட்டுதல்களில் கிளினிக்கின் 140/90-க்கு ஈடான வீட்டு அளவு 135/85.

விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரை நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் ஏமாற்றும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டவும் செய்யும். எண் 96 என்றாலும், ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்கினால் உங்கள் காதை நம்புங்கள். மூச்சை எண்ணுவது அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் வேகம் மாறிவிடும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

கால் வீக்கத்துக்கு, உடனிருப்பவரைக் கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுக்கச் சொல்லுங்கள். வெளிச்சமும் கேமராவும் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே பிடித்தால் குழி தெரியாது.

வயிற்று வலியை மட்டும் திரையிலேயே தீர்மானித்துவிட ஆசைப்படாதீர்கள். வீட்டார் அழுத்திப் பார்த்துச் சொல்வதற்கு மதிப்பில்லை. இருமும்போது சுருக்கென்று வலித்தால் உடனே நேரில் அனுப்புங்கள். வலிக்கவில்லை என்பதற்காக வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிடவும் கூடாது.

கேள்வி: நோயாளிக் குறிப்பில் என்ன மாற வேண்டும்?

பதில்: 'இதய ஒலி இயல்பு' என்ற வரிதான் முதலில் போக வேண்டும். கை பழக்கத்தில் எழுதிவிடும். சில மென்பொருள்களில் தானாகவே நிரம்பியிருக்கும். அழித்துவிட்டு, 'ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கவில்லை' என்றே எழுதுங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அது நோயாளி சொன்னதா, திரையில் நீங்கள் பார்த்ததா என்றும் குறியுங்கள். 'சரியாகாவிட்டால் கூப்பிடுங்கள்' என்பது பாதி அறிவுரைதான். எத்தனை மணி நேரத்தில் காய்ச்சல் தணியாவிட்டால் கூப்பிட வேண்டும், மூச்சுத் திணறலோ மனக்குழப்பமோ வந்தால் உங்களுக்காகக் காத்திராமல் எங்கே போக வேண்டும் என்று சொல்லி, அதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னபடியே குறிப்பிலும் எழுதுங்கள்.