எடைக்குத் தங்கம் தேறுமா?

கேள்வி: பழைய தங்கப் பாக்கெட் கடிகாரங்களைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். கடைசியாக வாங்கிய அமெரிக்கக் கடிகாரத்தில் மூடி முழுக்கப் பூவேலை. உள்ளே ‘14 காரட், 20 ஆண்டு உத்தரவாதம்’ என்று பொறித்திருக்கிறது. மங்கலாக இருப்பதால் பாலிஷ் போடலாமா? ஓடாவிட்டாலும் எடைக்குத் தங்கம் தேறும்தானே?

பதில்: தேறாது. பாலிஷும் வேண்டாம்.

கெட்டித் தங்கத்துக்கு எதற்கு ஆண்டுக் கணக்கில் உத்தரவாதம்? மேலே பொதிந்த தங்கத் தகடு அத்தனை ஆண்டு தேயாது என்று கேஸ், அதாவது கடிகாரத்தின் வெளிக்கூடு, செய்தவர்கள் கொடுத்த வாக்கு அது. 14 காரட் என்பதும் அந்தத் தகட்டுக்கு மட்டும்தான். நடுவில் இருப்பது பித்தளை போன்ற மலிவான உலோகம். 1859இல் ஜேம்ஸ் பாஸ் காப்புரிமை பெற்ற முறை இது. கீலின் ஓரத்தையும் சங்கிலி மாட்டும் வளையத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். தங்கம் தேய்ந்திருந்தால் அடியில் உள்ள உலோகம் வேறு நிறத்தில் தெரியும்.

அதனாலேயே பாலிஷ் ஆபத்து. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகம் போகும். முதலில் இதழ்களின் நரம்புகள் மறையும், அப்புறம் ஓரங்கள் மழுங்கும், கடைசியில் பித்தளை எட்டிப் பார்க்கும். கெட்டித் தங்கத்திலும் வேலைப்பாடு போனால் போனதுதான். கடைசல் இயந்திரத்தில் இழைத்த அலைக்கோடுகள் மிக மெல்லியவை. அவற்றை மறுபடி வெட்ட இன்று ஆள் கிடைப்பதே அரிது. மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

நாளை எனாமல் ஓவியம் உள்ள கேஸ் கிடைத்தால் இன்னும் கவனம் தேவை. ஜெனீவாவில் ஹுவோ குடும்பத்தினர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதில் பேர் வாங்கியவர்கள். எனாமல் என்பது கண்ணாடி. சில்லு பெயர்ந்தால் பெரும்பாலும் வண்ணப் பிசின்தான் பூசி ஒட்டுப்போடுவார்கள்.

எடைக் கணக்கு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் நல்ல கேஸ்களை உருக்கிவிட்டு இயந்திரத்தை மட்டும் தனியே விற்கிறார்கள். கையால் செதுக்கிய வேலை அத்தோடு போய்விடுகிறது. தங்கம்தான் வேண்டும் என்றால் காசாக வாங்குங்கள், இவற்றை விட்டுவிடுங்கள்.

சேர்ப்பதில் ஆசை இருந்தால் முத்திரை படிக்கப் பழகுங்கள். 1880க்குப் பிந்தைய சுவிஸ் கேஸில் பெண் தலை இருந்தால் 18 காரட், அணில் இருந்தால் 14. உங்களுடையது போன்ற அமெரிக்கக் கடிகாரங்களில் இயந்திரமும் கேஸும் பெரும்பாலும் தனித்தனியே விற்கப்பட்டவை. எண்கள் ஒத்துப்போகாதது குறையல்ல. ஆனால் கேஸின் உள்விளிம்பில் இயந்திரத்தைப் பிடிக்கும் திருகுகளின் தடம் இரண்டு ஜோடி இருந்தால், வேறொரு இயந்திரம் அதில் முன்பு குடியிருந்திருக்கிறது. விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறையுங்கள்.