ஆசிலேட்டிங் மல்டிடூலில் மரம் அறுக்கும்போது பிளேடு ஏன் கருகுகிறது?

கேள்வி: புதிதாக வாங்கிய கார்ட்லெஸ் ஆசிலேட்டிங் மல்டிடூலில் மரம் அறுத்தால் புகை வருகிறது. சில வெட்டுகளிலேயே பிளேடு மழுங்கிவிடுகிறது. மரவேலைக்கு இந்த மெஷின் சரிவருமா? எப்படிப் பிடித்து அறுக்க வேண்டும்?

பதில்: தாராளமாகச் சரிவரும். புகைக்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தம்தான். மற்ற ரம்பங்களைப் போல இதையும் தள்ளி அறுக்கப் பார்க்கிறோம். இது அப்படி வேலை செய்வதில்லை.

இதன் பிளேடு சுழலாது. இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 3 முதல் 5 டிகிரி வரைதான் ஆடும், ஆனால் உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 20,000 தடவை வரை ஆடும். அதாவது ஒவ்வொரு பல்லும் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள்தான் போய்ப் போய் வருகிறது. வட்ட ரம்பத்தின் பல் வெளியே வரும்போது தூளையும் வாரிக்கொண்டு வந்துவிடும். இங்கே பல் வெட்டுக்குள்ளேயே கிடப்பதால் தூளும் அங்கேயே அடைந்துகொள்ளும். அதன்மேல் அழுத்தினால் பல் மரத்தைக் கடிப்பதற்குப் பதிலாகத் தூளை அரைக்கும், சூடு ஏறும், மரம் கருகும். பல்நுனி நீலம் பாய்ந்துவிட்டால் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பிளேடை மாற்றிவிடுங்கள்.

அறுக்கத் தொடங்கும்போது பிளேடின் முழு விளிம்பையும் ஒரே நேரத்தில் மரத்தில் வைக்காதீர்கள். துள்ளிக் கோட்டை விட்டு ஓடும். மெஷினைச் சற்றுச் சாய்த்து, ஒரு மூலை மட்டும் கோட்டில் படும்படி வைத்து, குறைந்த வேகத்தில் கோடு நெடுக 1 மி.மீ. ஆழத்துக்கு ஒரு தடம் போடுங்கள். அந்தத் தடத்தில் பிளேடு தானாக உட்காரும். பிறகு வேகத்தைக் கூட்டி, மெஷினை இடமும் வலமும் மெல்ல அசைத்துக்கொண்டே இறக்குங்கள். சில விநாடிக்கு ஒருமுறை பிளேடை வெளியே இழுத்துத் தூளை விடுங்கள். தூளைப் பார்த்தாலே நிலைமை தெரியும்: மரத்தின் நிறத்திலேயே உதிர்ந்தால் சரி, காபிப்பொடி நிறத்துக்கு மாறினால் அழுத்தம் அதிகம், அல்லது பல் தேய்ந்துவிட்டது.

பிளேடு தேர்வில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். ஆணியில்லாத சுத்தமான மரத்துக்கு ஹை கார்பன் ஸ்டீல் பிளேடு போதும். ஜப்பானியப் பல் வகை மிக வேகமாகவும் சுத்தமாகவும் அறுக்கும், ஆனால் ஒரே ஓர் ஆணி பட்டாலும் பல் போச்சு. பழைய மரம், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மரம் என்றால் பைமெட்டல், அதாவது இரண்டு வகை எஃகை இணைத்துச் செய்த பிளேடு. கடினப்படுத்திய ஸ்க்ரூவை அறுக்க கார்பைடு பல் வேண்டும். வாங்கும் முன் பிளேடை மெஷினில் மாட்டும் பிடியையும் பாருங்கள்: ஸ்டார்லாக் என்ற நட்சத்திர வடிவப் பிடி உள்ள மெஷினில் பழைய தட்டைப் பிடி பிளேடு உட்காராது.

இந்த மெஷினை மிஞ்ச ஆளில்லாத வேலை, ஏற்கெனவே பொருத்திய மரத்தை அதே இடத்தில் வைத்து அறுப்பது. புதிதாகத் தரைப்பலகை போடும்போது கதவு நிலையின் அடியைக் கழிக்க வேண்டும் என்று வையுங்கள். அளவுகோலே தேவையில்லை. போடப்போகும் பலகையின் துண்டு ஒன்றை, அதன் அடியில் வரும் விரிப்பையும் சேர்த்து, நிலையோரம் தரையில் வையுங்கள். கழுத்து வளைந்த பிளேடை அதன்மேல் படுக்கவைத்து அப்படியே உள்ளே செலுத்துங்கள். உயரம் துல்லியமாக வரும். எவ்வளவு ஆழம் போக வேண்டுமோ அங்கே பிளேடில் மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். டேப் ஒட்டினால் சூட்டில் கழன்றுவிடும்.

பிளைவுட்டில் சதுரத் திறப்பு வெட்டுவதும் இதற்கு ஏற்ற வேலை. ஜிக்ஸாவுக்கு முதலில் ஓட்டை போட வேண்டும், இதற்கு வேண்டாம். மூலையும் நறுக்கென்று முடியும். ஆனால் கோட்டைப் பென்சிலால் மட்டும் போடாமல், கத்தியால் மேல் அடுக்கைக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் சிலாம்பு பெயரும். கை சாய்ந்தால் வெட்டுமுகமும் சாயும். அதைத் தடுக்க, மூலைமட்டம் வைத்துப் பார்த்த நேரான கட்டை ஒன்றைக் கோட்டோரமாகக் கிளாம்ப் போட்டு, பிளேடை அதன்மேல் சாய்த்து இறக்கலாம். முகம் பளிச்சென்று தெரியும் இடமானால் கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே நிறுத்திவிட்டு, மிச்சத்தை உளியால் சீவுங்கள்.

ஸ்க்ரூ துளையை மூட அடித்த மரமுளையைக் கழிக்கும்போது, நடுவில் ஓட்டை போட்ட கெட்டி அட்டையை முளைமேல் மாட்டி, அட்டைமேல் பிளேடை ஓட்டுங்கள். சுற்றியுள்ள பரப்பில் பல்லின் கீறல் விழாது. கீல் பள்ளத்துக்கு எல்லைக்கோட்டை மட்டும் இதில் வெட்டுங்கள். அடிப்பகுதியைச் சமமாக்க உளிதான் நல்லது. நீண்ட நேர் வெட்டுக்கும், இறுக்கமாகப் பொருந்த வேண்டிய மூட்டு வேலைக்கும் இந்த மெஷினை எடுக்கவே வேண்டாம்.

முக்கோண உப்புத்தாள் தகட்டை மாட்டினால் வேகத்தைப் பாதிக்குக் கீழே வையுங்கள். உச்ச வேகத்தில் தாளைப் பிடிக்கும் வெல்க்ரோ உருகிவிடும். முக்கோணத்தின் முன்முனைதான் முதலில் தேயும், அப்போது தாளைத் திருப்பி ஒட்டினால் மூன்று முனையும் பயன்படும்.

பேட்டரி விஷயத்தில், தொடர்ந்து அறுக்க 18 வோல்ட்டில் 4 அல்லது 5 ஆம்பியர்-அவர் கொள்ளளவு உள்ள பேட்டரி வசதி. 2 ஆம்பியர்-அவர் சீக்கிரம் இறங்கிவிடும், ஆனால் தலைக்குமேல் கையைத் தூக்கிச் செய்யும் வேலைக்கு அதன் எடைக்குறைவே பெரிய உதவி.

பிளேடு மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அறுத்து முடித்த உடனே பிளேடைத் தொட்டால் கை வெந்துவிடும். கண்ணாடி, தூசி முகமூடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும். காதருகே நீண்ட நேரம் கேட்க முடியாத சத்தம் இது. சுவரோடு பொருத்திய பலகையை அறுப்பதற்கு முன் பின்னால் மின்கம்பி போகிறதா என்று பார்த்து, மெயினை அணைத்துவிடுங்கள்.