பதினோராம் நாள் இரவு

அன்புள்ள ஐயா,

வட்டக்கானல் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் வேலை பார்க்கிறேன். வயது 26. நான்கு வருடமாகத் தினமும் ராத்திரி கஞ்சா, சிகரெட் தூளில் கலந்து இரண்டு. கொஞ்ச நாள் அடியோடு நிறுத்திவிட்டு, பிறகு ஞாயிறு மட்டும் என்று மூன்று முறை முயன்றேன். பதினோராம் நாளைத் தாண்டியதில்லை. தூக்கமே வருவதில்லை. அளவோடு குடிக்கிறவர்கள் இருக்கிறார்களே, இதையும் அப்படி வைத்துக்கொள்ள முடியாதா? சித்தர்கள் சொன்ன மூலிகைதானே? வெளிநாட்டில் கடையிலேயே விற்கிறார்களே?

பெயர் வேண்டாம், கொடைக்கானல்

அன்புள்ள தம்பி,

சித்தர்களையும் வெளிநாட்டுக் கடைகளையும் விட்டுவிடுங்கள். அதெல்லாம் தோற்ற பிறகு தேடிக்கொண்ட சமாதானம். என்னைப் பிடித்து நிறுத்தியது ‘தூக்கமே வருவதில்லை’ என்ற வரிதான். விட்டவர்கள் ஏன் இரண்டாவது வாரத்தில் திரும்புகிறார்கள் என்று கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். தூக்கத்துக்காகத்தான் திரும்புகிறார்கள் என்பது என் துணிபு.

கஞ்சாவில் போதை தருவது டிஎச்சி. கனவு வரும் உறக்கத்தை அது அமுக்கி வைக்கிறது. நிறுத்தியதும் அமுங்கிக் கிடந்ததெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும். முதல் மூன்று நாளுக்குள் எரிச்சல், பசியின்மை, வியர்வை ஆரம்பிக்கும். முதல் வாரத்தில் உச்சம், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணியும். தூக்கம் மட்டும் பின்தங்கும். நடுராத்திரி விழிப்பும் பயங்கரக் கனவும் ஒரு மாதத்துக்கு மேலும் நீளலாம்.

இப்போது உங்கள் பதினோராம் நாளைப் பாருங்கள். பசி வந்துவிட்டது, எரிச்சல் குறைந்துவிட்டது, தூக்கம் வரவில்லை. உடனே ‘எனக்கு இயல்பிலேயே தூக்கம் கிடையாது, இதுதான் மருந்து’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறீர்கள். யார் கொடுத்த தீர்ப்பு? அந்த விழிப்பு கஞ்சா வைத்துவிட்டுப் போனது, தம்பி. தினமும் இழுத்தால் மூளையில் டிஎச்சி போய் ஒட்டும் ஏற்பிகள் குறைகின்றன. நிறுத்திய இரண்டு நாளில் மீளத் தொடங்கி, பழைய நிலையை எட்ட ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். மூன்று தடவையும் பாதி வழியில் எழுந்து வந்துவிட்டு ‘பார்த்துவிட்டேன்’ என்கிறீர்கள். நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே 28 நாள். ஏப்ரல், மே சீசன் கூட்டத்தில் ஆரம்பிக்காதீர்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஆறரைக்கு எழுந்து, பனியானாலும் வெளியே வெளிச்சத்தில் அரை மணி நடங்கள். மதியத்துக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். படுத்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள். புரண்டுகொண்டே கிடந்தால் படுக்கையே பகையாகிவிடும். முதல் வாரம் ராத்திரி வியர்வையில் விரிப்பு நனையும், இந்தக் குளிரில் ஈரத்தில் கிடந்தால் நடுக்கம் வந்து இருக்கிற தூக்கமும் போகும். மாற்று விரிப்பும் பனியனும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கஞ்சாவின் இடத்தில் பிராந்தியைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். முதல் நாட்களின் எரிச்சலில், கஞ்சாவோடு சேர்ந்து நின்றுபோகும் சிகரெட் தூளின் நிகோட்டினுக்கும் பங்குண்டு. கஞ்சாவை விட்டு சிகரெட்டைக் கூட்டுவது பலர் செய்யும் தவறு, நிகோட்டின் விழிக்க வைக்கும். சாயங்காலம் ஆறுக்கு மேல் அதுவும் வேண்டாம்.

அளவு பற்றிக் கேட்டீர்கள். பிராந்தி பாட்டிலில் சதவீதம் அச்சடித்திருக்கும். உங்கள் பொட்டலத்தில் என்ன இருக்கிறது? தண்டு, விதை, பூ, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விகிதம். எதை வைத்து அளப்பீர்கள்? நான்கு வருடம் தினமும் இழுத்தவருக்கு ஞாயிறுக் கணக்கு நிற்காது என்றே நினைக்கிறேன். 28 நாளுக்குப் பிறகு பழைய அளவை இழுத்தால் உடம்பு அதைத் தாங்காது. நெஞ்சு படபடக்கும், சாகப்போகிறோம் என்கிற பயம் வரும். பிஸ்கட்டில் வைத்துத் தின்பது இன்னும் மோசம். ஏறவே ஒன்று, இரண்டு மணி நேரம் ஆகலாம். ஏறவில்லை என்று இன்னொன்றைத் தின்றுவிடுவார்கள்.

ராத்திரி தாங்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், தமிழிலேயே பேசலாம். போலீஸ் பயம் வேண்டாம்: சொந்த உபயோகத்துக்காகச் சிறிதளவு வைத்திருந்து, தானாக அரசு அல்லது அரசு அங்கீகரித்த இடத்துக்குச் சிகிச்சைக்கு வந்து அதை முழுதாக முடிக்கிறவரை 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து காக்கிறது. யாரோ பேசுவதுபோலக் காதில் கேட்டாலோ, எல்லோர் மேலும் சந்தேகம் வந்தாலோ, சுடுதண்ணீரில் குளித்தால் மட்டும் அடங்குகிற வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ 28 நாளை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். முதல் பஸ்ஸில் மதுரைக்கு இறங்கி, அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போய், எத்தனை வருடம், ஒரு நாளைக்கு எத்தனை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.